100 டெசிபல் என்னும் சமரசம்

2022 மார்ச் 3, உலகச் செவித்திறன் நாள். அதையொட்டி உலக சுகாதார நிறுவனம் நைட் கிளப்புகளுக்கும் இசை அரங்குகளுக்கும் ஓர் உலகத் தரநிலையை வெளியிட்டது. ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதை இடைவிடாமல் அளந்து பார்க்க வேண்டும். அரங்கின் ஒலியமைப்பைச் சீராக்க வேண்டும். வருகிறவர்களுக்கு இயர்பிளக் கிடைக்க வேண்டும். சத்தம் குறைந்த ஓய்விடம் இருக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சியும் வருகிறவர்களுக்குத் தகவலும் தர வேண்டும். ஆறு கூறுகள், ஆறும் நியாயமானவை. ஆனால் தரநிலையின் தலைப்பிலேயே பாதுகாப்பு என்ற வாக்குறுதி இருக்கிறது. அந்த வாக்குறுதியைத் தாங்கும் தெம்பு 100 டெசிபலுக்கு உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு. காதுக்கு வரும் கேட்டைச் சத்தத்தின் அளவும் அதைக் கேட்ட நேரமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. 3 டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது. அதனால் கேட்கலாம் என்று அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் தொழிலாளிக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 என்று இறங்கிக்கொண்டே வந்து, 100 டெசிபலில் 15 நிமிடத்தில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 100 டெசிபலுக்குச் சராசரி எடுக்கச் சொல்லும் கால அளவும் அதே 15 நிமிடம்தான். கிளப்பில் உள்ள மீட்டர் ஒரு சராசரியைக் கணக்கிட்டு முடிப்பதற்குள், ஒரு பட்டறைத் தொழிலாளியின் ஒரு நாள் பங்கு தீர்ந்துபோகிறது. இரவு 11 மணிக்கு உள்ளே போய் 3 மணிக்கு வெளியே வருகிறவர் 16 நாள் பங்கை ஒரே இரவில் வாங்கிக்கொண்டு வருகிறார்.

இதைவிடச் சங்கடமான கணக்கு அந்த நிறுவனத்தின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செல்போனிலும் இயர்போனிலும் பாட்டுக் கேட்பதற்கு, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோடு சேர்ந்து 2019-இல் அது வேறொரு தரநிலையை வெளியிட்டது. அதன்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபலுக்கு ஒருமுறை நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டே போனால், 100 டெசிபலில் வாரத்துக்குக் கிடைப்பது சுமார் 24 நிமிடம். கிளப்பில் கழித்த அந்த 4 மணி நேரம் பத்து வாரப் பங்கு. செல்போன் எச்சரிக்கை விளக்கைக் காட்டும் அளவை, அதே நிறுவனத்தின் இன்னொரு ஆவணம் கிளப் வாசலில் அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே காதுக்குத்தான்.

இதோடு வழக்கை முடித்துவிடலாம் என்று தோன்றும். அது அவசரத் தீர்ப்பாகிவிடும். எதிர்த்தரப்பிலும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. 85 டெசிபல் வரம்பு, வாரத்தில் ஐந்து நாள் வீதம் 40 ஆண்டுகள் ஆலையில் உழைக்கும் ஆளை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. அப்படி 40 ஆண்டு வேலை பார்த்தாலும் நூற்றில் 8 பேருக்குக் கூடுதலாகச் செவித்திறன் குறையும் என்று நியாஷ் 1998-இல் தானே மதிப்பிட்டது. வரம்புக்குக் கீழே முழுப் பாதுகாப்பு, மேலே பேராபத்து என்று கோடு கிழித்தாற்போல் எதுவும் இல்லை. கிளப்புக்குப் போகிறவர் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர். மாதம் இரண்டு மூன்று இரவு, ஐந்தாறு ஆண்டு, பிறகு கல்யாணம், குழந்தை, வாடகை என்று அந்தப் பக்கமே போகமாட்டார். இரண்டு இரவுகளுக்கு நடுவே காதுக்குப் பல நாள் ஓய்வும் கிடைக்கிறது. ஆலைக் கணக்கை அப்படியே நடன மேடையில் கொண்டுவந்து வைப்பது அறிவியல்படி முழுக்கச் சரியாகாது.

அந்த ஓய்வு எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதில்தான் சிக்கல். கிளப்பிலிருந்து வெளியே வந்ததும் காது அடைத்தாற்போல் இருக்கும், உள்ளே ரீங்காரம் கேட்கும். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்றே மருத்துவமும் நெடுங்காலம் எண்ணிவந்தது. 2009-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஷெரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் இரைச்சலில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் எலிகளின் கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் உட்காதின் முடி செல்களை நரம்போடு இணைக்கும் இணைப்புகள், உயர் அதிர்வெண்களுக்கான பகுதியில், ஏறக்குறைய பாதி அழிந்துபோயிருந்தன. அவை திரும்ப வளரவில்லை. சாதாரணச் செவிப் பரிசோதனையில் தேர்ச்சி பெற்ற காதுக்குள் இவ்வளவு சேதம் மறைந்திருக்க முடியும் என்பது அந்த ஆய்வு காட்டிய செய்தி.

ஆனால் எலி எலிதான். மனிதர்களிடம் இதே சேதத்தைத் தேடிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மான்செஸ்டரில் இளைஞர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், அதிகச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. எனவே நைட் கிளப் ஒரு தலைமுறையையே செவிடாக்கிக்கொண்டிருக்கிறது என்ற பத்திரிகைத் தலைப்புகளை நான் ஏற்கவில்லை. 100 டெசிபல் பாதுகாப்பானது என்பதற்கும் சான்று இல்லை. நடுவில் இருப்பது நிச்சயமின்மை. நிரந்தரக் காது இரைச்சல் வந்துவிட்டால் அதைத் துடைத்தெடுக்கும் மருந்து இன்று கிடையாது என்பதால், அந்த நிச்சயமின்மையின் சுமையை யார் தலையில் வைப்பது என்ற கேள்வி பெரிதாகிறது.

இசையைக் குறைத்தால் போதுமே என்பார்கள், அங்கே ஒருமுறைகூடப் போகாதவர்கள். சத்தம் அந்த அனுபவத்தின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதி. 2000-ஆம் ஆண்டில் மான்செஸ்டரின் நீல் டாட், ஃபிரெட்ரிக் கோடி இருவரும் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். நம் சமநிலையைக் காக்கும் உட்காதுப் பைகளில் ஒன்றான சாக்யூல், ஏறக்குறைய 90 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் தாழ்ந்த அதிர்வுகளுக்கு எதிர்வினை காட்டுகிறது. ஊஞ்சலில் ஆடும்போது உடம்புக்குக் கிடைக்கும் கிளர்ச்சியும் அந்தச் சமநிலை உறுப்புகளின் வழியாகவே வருகிறது. பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று ஆடுகிறவர்கள் கேட்பது வெறும் முரட்டு ரசனை என்று ஒதுக்க முடியாது. சத்தம் கூடினால் மது விற்பனையும் கூடும் என்று காட்டிய பிரெஞ்சு ஆய்வொன்றும் 2008 முதல் மேற்கோள் காட்டப்பட்டுவருகிறது. ஆனால் அந்த ஆய்வாளரின் வேறு சில கட்டுரைகள் பின்னாளில் கேள்விக்குள்ளாகித் திரும்பப் பெறப்பட்டன. கிளப் முதலாளிகளைத் திட்ட வசதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை நம்ப நான் தயாரில்லை.

டாட்டின் ஆய்வு தரும் உண்மையான பயன் வேறு. ஆடுகிறவர்கள் விரும்பும் கிளர்ச்சி தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சப்வூஃபரின் பெரிய இடி ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில். காதுக்கு அதிகச் சேதம் விளைவிக்கும் ஒலியோ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. காதுத் துவாரத்தின் அமைப்பே 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. இரைச்சலால் காது போனவர்களின் செவி வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுவது அதனால்தான். இன்பம் ஓரிடத்தில், காயம் இன்னோரிடத்தில் என்றால், பேஸை விட்டுவைத்து மேல்ஸ்தாயியை 5, 6 டெசிபல் இறக்க ஒரு நல்ல ஒலிப்பொறியாளரால் முடியும். சிம்பலும் ஸ்னேர் டிரம்மும் காதைக் கிழிப்பதை விரும்பி யாரும் கிளப்புக்கு வருவதில்லை.

நடப்பது இதற்கு நேர்மாறு. நகரங்களில் கிளப்பின் மீது பாயும் சட்டம் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்துக்காக எழுதப்பட்டது. சுவரைத் துளைத்துக்கொண்டு போவது பேஸ். ஆகவே சட்டம் பேஸைத்தான் அடக்கச் சொல்கிறது. பேஸ் குறைந்ததும் மேடையில் 'உயிர்' இல்லை என்று டிஜே மற்றதை ஏற்றுகிறார். பக்கத்துத் தெரு தூங்குகிறது, உள்ளே இருப்பவரின் காது கெடுகிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இந்த வகையே. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று கறாராகச் சொல்லும் அந்த விதிகள், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடை செய்யும்போது மூடிய அரங்குகளின் உட்புறத்துக்கு விலக்கு அளித்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் காது அந்த விதிகளின் கணக்கில் இல்லை.

சரி, இயர்பிளக்? அதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவில் 51 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இயர்பிளக் கொடுத்தார்கள். நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். 2016-இல் வெளியான முடிவு இது: பிளக் அணியாதவர்களின் காதுகளில் 42 விழுக்காட்டில் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்தது, அணிந்தவர்களில் 8 விழுக்காடு. காது இரைச்சல் முறையே 40, 12 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இத்துறையில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு அரிது.

ஆனால் ஆய்வில் இருப்பவர் பிளக்கைச் சொன்னபடி போட்டுக்கொள்வார். கிளப்பில்? மஞ்சள் நுரை பிளக்கை விரல்களுக்கிடையே திரித்து ஈர்க்குச்சி போல மெல்லியதாக்க வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால்தான் வளைந்த துவாரம் நேராகும். உள்ளே செருகி, நுரை விரியும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கையில் கோப்பையோடு, இருட்டில், நண்பர்கள் இழுத்துக்கொண்டிருக்க, இதை யார் செய்வார்? பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பிளக் அட்டையில் அச்சிட்ட 30 டெசிபலைத் தராது. அந்தப் பிளக் மேல்ஸ்தாயியை அதிகமாகவும் பேஸைக் குறைவாகவும் அடைப்பதால் இசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். யாராவது பேச வந்தால் கழற்றத் தோன்றும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் பிளக்குகள் 1980-களின் கடைசியிலிருந்தே கிடைக்கின்றன என்றாலும் வாசலில் இலவசமாகக் கிடைப்பது நுரைதான்.

கழற்றுவதன் விலை பலருக்குத் தெரியாது. 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை இரவில் பாதி நேரம் மட்டும் அணிந்தால் மொத்தத்தில் கிடைக்கும் பயன் 15 டெசிபல் அல்ல, வெறும் 3. காதுக்குள் போன ஆற்றல் பாதியானது, அவ்வளவுதான். 4 மணி நேரத்தில் 24 நிமிடம் கழற்றியிருந்தாலே, உலகின் மிகச் சிறந்த பிளக்கும் 10 டெசிபல் பிளக்காகிவிடுகிறது. பானம் வாங்க நிற்கும் வரிசையில் இந்த 24 நிமிடம் கரைந்துபோகும். 2014-இல் மினியாபொலிஸ் நகரம் இசை ஒலிக்கும் மதுக்கூடங்களில் இலவச இயர்பிளக்கைக் கட்டாயமாக்கியது. பிளக்குகளை நன்கொடையாகத் தந்தது, அவற்றைத் தயாரிக்கும் 3எம் நிறுவனம். நல்ல காரியம்தான். ஆனால் பிளக்கைக் கிண்ணத்தில் வைத்ததும் பொறுப்பு முதலாளியின் கையைவிட்டு வாடிக்கையாளரின் காதுக்கு இடம் மாறிவிடுகிறது. ஸ்பீக்கரின் குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரைப் பற்றி இந்த விவாதத்தில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகவே பேசப்படுகிறது. மேடையருகே ஆடுகிறவர் களைத்தால் வெளியே போகலாம். பானம் ஊற்றுகிறவர் போக முடியாது. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டின் பணியிட இரைச்சல் விதிகள் இசை, கேளிக்கைத் துறைக்கு 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அங்கே தொழிலாளியின் காதில் சேரும் சராசரிக்கான உச்ச வரம்பு 87 டெசிபல். ஒருவர் 100 டெசிபலில் 6 மணி நேரம் நின்றால், 8 மணி நேரக் கணக்கில் அது ஏறக்குறைய 99. வரம்புக்குள் வர 12 டெசிபல் அடைக்க வேண்டும்; அதையும் ஆர்டர் காதில் விழும்படிச் செய்ய வேண்டும். ஆக ஒரே கூடம், ஒரே காற்று. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் காதுக்குச் சட்டம் உண்டு, இந்தப் பக்கம் காசு கொடுத்தவரின் காதுக்கு அப்படியொரு சட்ட வரம்பு இல்லை.

இசைக்கு விதிவிலக்கு வேண்டும் என்ற வாதம் நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. லண்டன் ராயல் ஓப்பரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஒத்திகையின்போது, பித்தளைக் குழல்களுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட வயோலா கலைஞர் ஒருவரின் காது பாதிக்கப்பட்டது. சத்தமே எங்கள் கலைப்படைப்பின் பகுதி என்று நிறுவனம் வாதிட்டது. 2018-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2019 மேல்முறையீட்டிலும் பொறுப்பு நிறுவனத்தின் மீதே நின்றது. வாக்னருக்கே கிடைக்காத சலுகையை டெக்னோவுக்குக் கேட்பது கடினம்.

பார்வையாளரின் காதுக்கும் வரம்பு வைத்த நாடுகள் உண்டு. நெதர்லாந்தில் அரசும் இசைத்துறையும் செய்துகொண்ட தன்னார்வ உடன்படிக்கை 15 நிமிடச் சராசரிக்கு 103 டெசிபலை ஏற்கிறது. 100-க்கும் 103-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஒலியாற்றல் இரண்டு மடங்கு. தொழில் தானே தனக்கு எழுதிக்கொண்ட வரம்பு இப்படித்தான் இருக்கும். பிரான்ஸ் 2017-இல் 105-லிருந்து 102-க்கு இறங்கியது. வழக்கமான மீட்டர் அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட்டே கணக்கிடுகிறது என்பதால், பேஸைக் கிட்டத்தட்ட முழுதாக எண்ணும் வேறு அளவீட்டில் 118 என்று இரண்டாவது வரம்பையும் அது சேர்த்தது. கவனமான சட்டம். 300 பேருக்கு மேல் கொள்ளும் இடங்கள் ஒலியளவைத் தொடர்ந்து பதிவு செய்து 6 மாதம் வைத்திருக்கவும் வேண்டும். 102 மட்டும் உயரம்.

எனக்குச் சரியாகப் படுவது சுவிட்சர்லாந்தின் முறை. அங்கே 1996 முதலே இதற்கு விதிகள் உண்டு. இன்றைய விதியின்படி ஒரு மணி நேரச் சராசரி 93 டெசிபல் வரை எந்தக் கட்டுப்பாடும் இல்லை. 96 வரை அறிவிப்பும் இலவச இயர்பிளக்கும் தர வேண்டும். 96-க்கும் 100-க்கும் இடையே ஒலித்தால் அளவைப் பதிவு செய்ய வேண்டும். அந்த நிகழ்ச்சி 3 மணி நேரத்தைத் தாண்டினால், அரங்கின் பத்தில் ஒரு பங்கு 85 டெசிபலுக்கு மேல் போகாத ஓய்விடமாக இருக்க வேண்டும். நான் பார்த்த சட்டங்களில் நேரத்தை இவ்வளவு நேரடியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது இதுதான். குறையும் உண்டு. ஒரு மணி நேரச் சராசரி என்பதால், முக்கால் மணி நேரம் அடக்கி வாசித்துவிட்டுக் கடைசிக் கால் மணி நேரத்தில் 105 டெசிபலைத் தாண்டி வெடித்தாலும் கணக்கு நேராகிவிடும். அந்த ஓட்டையை அடைக்க உலக சுகாதார நிறுவனத்தின் 15 நிமிட அளவு உதவும்.

சட்டமே எதற்கு, சத்தம் பிடிக்காதவர் போகாமல் இருக்கட்டுமே என்ற வாதத்துக்கு ஷெஃபீல்டில் 300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கிளப்பிலிருந்து வந்தபின் காது இரைச்சல் இருந்திருக்கிறது. காது கெடும் அபாயம் தங்களைக் கிளப்புக்குப் போகவிடாமல் தடுக்காது என்றவர்கள் பத்தில் ஏழு பேர். சத்தத்தைப் பாதுகாப்பான அளவில் கட்டுப்படுத்த வேண்டும் என்றவர்களும் பத்தில் ஏழு பேர். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. நண்பர்கள் போகிற இடத்துக்குத்தான் இருபது வயதில் யாரும் போவார்கள்; தனியொருவர் விலகினால் இழப்பது நண்பர்களை, சத்தம் குறையப்போவதில்லை. சந்தை இங்கே அவர்கள் விரும்புவதைத் தராது. எல்லாக் கிளப்புகளுக்கும் ஒரே விதி வந்தால்தான் எந்த டிஜேயும் பக்கத்துக் கிளப்போடு போட்டி போட்டுக் குமிழைத் திருப்பாமல் இருப்பார்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 100 டெசிபல் வரம்பு வேண்டும். 105-க்கும் 110-க்கும் எதிரான தடுப்பாக அது மதிப்புள்ளது. அதற்குக் கீழே, உதாரணமாக 95-க்கு இறக்கினால் அனுபவத்தின் உயிரான பகுதி போய்விடும் என்ற அச்சத்தையும் பொய் என்று தள்ள என்னிடம் சான்று இல்லை. ஆனால் 100 டெசிபலைப் பாதுகாப்பு என்று விற்கக் கூடாது. வாசலில் ஒட்டும் அறிவிப்பில் 'பாதுகாப்பாக மகிழுங்கள்' என்பதற்குப் பதில், இந்த அளவில் பிளக் இல்லாமல் 15 நிமிடம் நின்றால் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் பங்கு தீரும் என்று எழுதட்டும். இயர்பிளக் துணைதானே தவிர, ஒலியைக் குறைப்பதற்கு மாற்றாக அதை எந்த அதிகாரியும் ஏற்கக் கூடாது. ஓய்விடம் கட்டாயம், அது புகைபிடிக்கும் முற்றமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் புகைக்காதவர் அங்கே போய் உட்காரமாட்டார். ஊழியர்களை மணிக்கொருமுறை இடம் மாற்றி நிறுத்த வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கருவி தேவையில்லை. ஒலி மேசையின் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பாக ஒளிரும் மீட்டர் பல கிளப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. சிவப்பு விடியும்வரை எரிந்தாலும் யாரும் கேட்பதில்லை என்பதே குறை. பிரான்ஸ் சொல்வதுபோல் 6 மாதப் பதிவை வைத்திருக்கச் செய்து, மது உரிமத்தைப் புதுப்பிக்க வரும்போது அதையும் கொண்டுவரச் சொன்னால் போதும். மீட்டரின் மைக் எங்கே தொங்குகிறது என்பதையும் அந்த அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மேசைக்கு மேலே பாதுகாப்பான தூரத்தில் தொங்கும் மைக் 98 காட்டும்போது, ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டடி தள்ளி ஆடுகிறவரின் காதில் விழுவது வேறொரு எண்.